கரணையும் கணக்கேடும்: பழைய வீட்டைத் தாங்களே புதுப்பிக்கும் தம்பதியர்க்கு

மைசூரு நகரத்தின் பழைய குடியிருப்புகளில் நடந்து செல்வோர் ஒரே வீதியில் இருவகைக் காட்சிகளை அடுத்தடுத்துக் காண்பர். திண்ணையும் மரத்தூண்களும் ஓட்டுக்கூரையும் கொண்ட வீடு ஒன்று பூட்டிக் கிடக்கும். அதற்கு அடுத்த மனையில் அதே வயதுடைய வீட்டை இடித்துவிட்டு எழுப்பிய அடுக்குமாடி நிற்கும். இரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. இருக்கும் வீட்டை இருக்கும் நிலையிலேயே செம்மைப்படுத்தி, அதில் தொடர்ந்து வாழ்வதே அவ்வழி. அண்மைக் காலத்தில் இவ்வழியைப் பற்றி வினவிக்கொண்டு எங்கள் கிளைகளுக்கு வரும் தம்பதியர் பலர். அவர்களுள் சிலர் ஒப்பந்தக்காரரை நாடாமல், இயன்ற வேலைகளைத் தங்கள் கையாலேயே செய்ய விரும்புகின்றனர்.

அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் கடன் தொகையையும் வட்டியையும் பற்றியவை. ஆயினும் பழைய வீட்டைப் பொறுத்தவரை, கடனுக்கு முன்னும் பின்னும் அறிய வேண்டியவை பல உள. அவற்றை வாடிக்கையாளர்கள் ஒருசேரக் காணும்படி இக்கட்டுரையில் தொகுத்துரைக்கின்றோம்.

இரு கட்டடங்கள் சொல்லும் பாடம்

மைசூருவின் பழைய மர அரண்மனை 1897இல் தீக்கிரையாயிற்று. ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி எழுந்த இன்றைய அரண்மனை 1912இல் நிறைவுற்றது. அரண்மனை எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், பிளேக் நோயின் கொடுமையால் நெருக்கமான பழைய பேட்டைகளை விட்டு மக்கள் வெளியேற வேண்டியிருந்தது. 1903இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைக்கப்பட்டது. அகன்ற வீதிகளும் காற்றோட்டமும் கொண்ட புதிய குடியிருப்புகள் உருவாயின. சாமராஜபுரம், லட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம், ஒண்டிகொப்பல் முதலிய பகுதிகளில் இன்று நாம் காணும் பழைய வீடுகள் பெரும்பாலும் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை. செங்கல், சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்திரம், மங்களூர் ஓடு, செந்நிற ஆக்ஸைடுத் தரை ஆகியவையே அவற்றின் உறுப்புகள். முற்றம் வைத்த வீட்டைக் கன்னடத்தார் ‘தொட்டி மனெ’ என்பர்.

இத்தகைய கட்டடங்களைப் பேணாது விட்டால் நேர்வது என்ன என்பதை இந்நகரம் நேரில் கண்டிருக்கின்றது. வைஸ்ராய் லான்ஸ்டவுன் பிரபுவின் வருகையை ஒட்டி 1892இல் கட்டப்பட்ட லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி, 2012 ஆகஸ்டு 25 அன்று சரிந்து விழுந்தது. அதன் கீழ்த்தளத்தில் கடைகள் இயங்கிவந்தன. நால்வர் உயிரிழந்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்டில் தேவராஜ சந்தையின் ஒரு பகுதியும் இடிந்தது. பழைய சுவர் ஒருநாளில் விழுவதில்லை. கூரையில் நுழைந்த நீர் ஆண்டுக்கணக்கில் உத்திரத்தையும் காரையையும் தின்ற பிறகே அது விழுகின்றது.

மற்றொரு கட்டடம் நேர்மாறான பாடத்தைச் சொல்கின்றது. சென்னையில் 1906இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மைசூருவையே தம் ஊராக வரித்துக்கொண்ட எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், யாதவகிரியில் தமக்கென வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டார். பல சன்னல்கள் கொண்ட மாடி அறை அவரது எழுத்தறையாயிற்று. அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்த பின் அவ்வீடு கைமாறி, 2011இல் இடிக்கப்படும் நிலையை அடைந்தது. செய்தி வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது, இடிப்பு நிறுத்தப்பட்டது. அரைகுறையாய் நின்ற வீட்டை நகர நிர்வாகம் விலைக்கு வாங்கிச் சீரமைத்தது. 2016இல் அது நினைவகமாகத் திறக்கப்பட்டது. இடிக்கத் தொடங்கிவிட்ட வீட்டையும் மீட்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆயினும் புகழ்பெற்ற எழுத்தாளரின் வீட்டுக்குக் கிடைத்த பொதுநிதி நம் பாட்டனார் வீட்டுக்குக் கிடைப்பதில்லை. அதைக் காக்கும் பொறுப்பு அவ்வீட்டில் வாழ்வோரையே சேர்ந்தது.

ஒரு தம்பதியர் தேர்ந்த வரிசை

எங்கள் வாடிக்கையாளரான ஒரு தம்பதியரின் முயற்சியை இங்கே எடுத்துக்காட்டாகக் கூறலாம். கணவர் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளி ஆசிரியை. கணவரின் பாட்டனார் கட்டிய வீடு அது. கூரையில் மூன்று இடங்களில் ஒழுக்கு. பின்கட்டுச் சுவரில் இடுப்பளவு ஈரம். மனையை மட்டும் மதிப்பிட்டு நல்ல விலை தருவதாக ஒரு கட்டுமானக்காரர் கூறியிருந்தார். தம்பதியர் விற்க விரும்பவில்லை. வீட்டைச் சீரமைக்கக் கடன் கேட்டு வந்தனர்.

வழக்கறிஞர் ஆவணங்களைப் பார்த்ததும் முதல் தடை வெளிப்பட்டது. வீட்டின் கத்தா கணவர் பெயரில் இருந்தது. வரியும் அவரே செலுத்திவந்தார். ஆனால் பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதும் எழுதப்படவில்லை. கணவருக்கு இரு சகோதரிகள் உளர். கத்தா என்பது நகராட்சி வரிப்பதிவு மட்டுமே. அது உரிமை மூலம் ஆகாது. பெண்மக்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்குரிமை தரும் திருத்தம் கர்நாடகத்தில் 1994இலேயே வந்துவிட்டது. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே சகோதரிகளின் கையொப்பம் இன்றி அவ்வீட்டை ஈடாகப் பெற இயலாது என்று தெரிவித்தோம்.

மூத்த சகோதரி தம் பங்கை விடுதலைப் பத்திரம் மூலம் விட்டுக்கொடுத்தார். இளையவர் தமக்குரிய தொகையைக் கேட்டார். அது நியாயமான கோரிக்கையே. கூரைக்கென்று சேர்த்துவைத்திருந்த பணத்தின் பெரும்பகுதியை அவருக்குக் கொடுத்தால் வேலைக்குப் பணம் போதாது. கொடுக்காவிட்டால் கடன் இல்லை. அதைவிட முக்கியமாக, உறவும் இல்லை. தம்பதியர் முன்னதையே தேர்ந்தனர். ஏன் என்று கேட்டபோது அம்மையார் கூறிய மறுமொழி இது: “ஒழுகுகிற வீட்டுக்கு யாரும் பங்கு கேட்டு வரமாட்டார்கள் சார். ஒழுக்கை நிறுத்தின பிறகு வந்தால் எங்களுக்கும் வருத்தம், நாத்தனாருக்கும் வருத்தம். அதனால் பங்கை முதலில் தீர்த்துவிட்டோம்.”

பத்திரங்கள் பதிவான பிறகு கடன் வழங்கப்பட்டது. கையிருப்பு குறைந்துவிட்டமையால், கூலி கொடுத்துச் செய்விக்க எண்ணிய வேலைகளுள் பலவற்றைத் தாங்களே செய்வது என்று இருவரும் முடிவு செய்தனர். அவர்கள் கரணை பிடித்ததற்குக் காரணம் ஆர்வம் மட்டுமன்று, கணக்கும்தான். அவர்கள் எதைத் தாங்களே செய்தனர், எதைச் செய்யாமல் விட்டனர் என்பதே இம்முயற்சியின் சாரம் எனலாம்.

கூரையிலிருந்து தொடங்குக

பழைய வீட்டில் வேலை மேலிருந்து கீழாக நடைபெற வேண்டும். முதலில் கூரை, அடுத்து நீர் வெளியேறும் வழி, பிறகு சுவர், மரவேலை, மின்கம்பி, தரை என்று சென்று, இறுதியில் வண்ணத்தில் முடிய வேண்டும். பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றனர். புதிய வண்ணம் பூசிய சுவரில் அடுத்த மழைக்கே ஈரம் படர்கின்றது.

மைசூருவில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. மே மாதத்து இடிமழையும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் மழையும் இங்கே மிகுதி. எனவே கூரையைத் திறக்கும் வேலையை ஜனவரியில் தொடங்கி ஏப்ரலுக்குள் மூடிவிடுதல் நலம். தசரா விழாவுக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆகஸ்டில் ஓடுகளை இறக்குவோர் பெரும்பாலும் இடர்ப்படுகின்றனர்.

மங்களூர் ஓடுகளை எளிதில் குறைத்து மதிப்பிடலாகாது. பாசல் மிஷன் அமைப்பினர் 1865இல் மங்களூரில் ஓட்டு ஆலையை நிறுவினர். அதன் பின் அத்தொழில் தென்னிந்தியா முழுதும் பரவியது. பழைய ஓடுகளின் அடிப்பகுதியில் ஆலையின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஓடு உடையாத வரை அதற்கு ஆயுள் நீளம். ஒழுக்குக்குக் காரணம் பெரும்பாலும் ஓடு அன்று. அதைத் தாங்கும் ரீப்பர் கட்டையோ கைமரமோ உளுத்துப்போயிருப்பதே காரணம். நாம் குறிப்பிட்ட தம்பதியர் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, தட்டிப் பார்த்து, நல்லவற்றை அடுக்கிவைக்கும் வேலையைத் தாங்களே செய்தனர். கைமரம் மாற்றுவதைத் தச்சரிடம் விட்டனர்.

மொட்டைமாடி உள்ள வீடுகளில் மெட்ராஸ் தளம் எனப்படும் கூரை இருக்கும். தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திக் காரையால் இணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டோடு பதிப்பது அதன் முறை. ஒழுக்கு கண்டவுடன் அதன்மேல் சிமெண்ட் கான்கிரீட்டைக் கனமாகப் போடுவது பரவலாகக் காணப்படும் தவறு. ஏற்கனவே தளர்ந்த கட்டைகளின் மீது அது கூடுதல் சுமையை ஏற்றுகின்றது. அடைபட்ட நீர்ப்போக்கியைத் திறந்து, பெயர்ந்த தட்டோடுகளின் இடைவெளிகளை அடைத்தாலே பல தளங்கள் ஒழுக்கு நீங்கப் பெறும்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

பழைய சுவரைப் புரிந்துகொள்ளச் சுண்ணாம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டு, நீர் ஊற்றி நீற்றி, மணலோடு கலந்து பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாக இறுகுகின்றது. இறுகிய பின்னும் அதில் நுண்துளைகள் இருக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அத்துளைகள் வழியே ஆவியாக வெளியேறும். சிமெண்ட் விரைவில் இறுகும். ஆனால் ஈரத்தை வெளியே விடாது. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே அகப்பட்ட ஈரம் இன்னும் மேலேறும். அதனோடு வந்த உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும். அந்தச் சுவரில் பூச்சு மீண்டும் மீண்டும் உதிர்வதற்குக் கொத்தனாரின் கைக்குறை காரணமன்று. பொருந்தாத பொருளே காரணம்.

ஆகவே ஈரச் சுவரைக் கண்டால் பூச்சுக்கு முன் ஈரத்தின் ஊற்றைத் தேட வேண்டும். நம் நகரங்களில் சாலையை மீண்டும் மீண்டும் போட்டுப் போட்டு, தெருவின் மட்டம் வீட்டின் அடித்தளத்தைத் தாண்டி உயர்ந்துவிடுகின்றது. மழைநீர் சுவரோரம் தேங்குகின்றது. சுவரை ஒட்டிய மண்ணைத் தாழ்த்தி, நீர் விலகிச் செல்ல வாட்டம் அமைத்தாலே ஈரம் பாதி குறையும். மண்வெட்டி ஒன்றும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். தம்பதியர் தாங்களே செய்யத்தக்க வேலைகளுள் இதுவே செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் ஆகும்.

சுண்ணாம்புப் பூச்சுக்குப் பொறுமை வேண்டும். அது வெயிலில் விரைந்து உலர்ந்தால் வெடிக்கும்; நிழலில் ஈரம் காத்து மெல்ல இறுக வேண்டும். மழை ஓய்ந்த பின் வரும் குளிர்ந்த மாதங்களே அதற்கு ஏற்றவை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சாந்தில் சேர்க்கும் பழைய முறையை அறிந்த கொத்தனார்கள் இன்னும் உளர். செட்டிநாட்டில் முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர்கள் இன்றும் பளபளக்கின்றன. நீற்றும்போது சுண்ணாம்பு கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையைப் பாதிக்கும். கண்ணாடியும் கையுறையும் இன்றி அதன் அருகே செல்லலாகாது.

செந்நிறத் தரையைப் பெயர்த்துவிட்டு ஓடு பதிப்போர் பலர். அதில் விரிசல் கண்டால் அவ்விடத்தை மட்டும் நிரப்பலாம். புதிய பகுதியின் நிறம் பழையதோடு முற்றும் பொருந்தாது என்பதை முன்பே அறிந்திருத்தல் வேண்டும். மற்றபடி தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அவ்வப்போது துடைத்துவந்தால் தரை ஆண்டுதோறும் மெருகேறும்.

தாங்களே செய்யலாகாதவை

நாம் குறிப்பிட்ட தம்பதியர் வேலைகளை இரண்டு பட்டியல்களாகப் பிரித்திருந்தனர். சுரண்டுதல், கழுவுதல், சலித்தல், பூச்சின் முதற்படி, மரத்துக்கு மெருகிடல் முதலியன அவர்களுடையவை. இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றை அவர்கள் தொடவே இல்லை. அப்பட்டியலை அனைவரும் பின்பற்றலாம்.

முதலாவது, பாரம் தாங்கும் சுவரும் தூணும். பழைய வீட்டில் ஏறத்தாழ எல்லாச் சுவர்களும் பாரம் தாங்குபவை. கூடத்தைப் பெரிதாக்க ஒரு சுவரை அகற்ற எண்ணினால், கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்து மூலமான கருத்தும் மாநகராட்சியின் அனுமதியும் முதலில் பெற வேண்டும். வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ளதா என்பதையும் அப்போதே கேட்டறிதல் நன்று.

இரண்டாவது, மின்கம்பி. மரப்பட்டையின் மேல் ஓடும் பழைய கம்பிகளில் காப்புறை நொறுங்கியிருக்கும். நில இணைப்பு இராது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு முழுதும் மாற்றி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துதல் இன்றியமையாதது.

மூன்றாவது, கரையான் ஒழிப்பு. கட்டி முடித்த கட்டடங்களுக்கான முறையை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 6313 தரம், மூன்றாம் பகுதி வரையறுக்கின்றது. பணி செய்வோரிடம் அத்தரத்தின்படி செய்யுமாறும், எழுத்தில் உறுதி தருமாறும் கேட்கலாம்.

நான்காவது, பழைய வண்ணப்பூச்சு. சுண்ணாம்பு வெள்ளையைச் சுரண்டுவதில் பெரிய தீங்கில்லை. கதவு, சன்னல், கம்பிகளில் உள்ள பழைய எண்ணெய் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.மைத் தாண்டலாகாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்தால் ஈயத்தூள் காற்றில் கலக்கும். குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அது பெருந்தீங்கு. நனைத்துச் சுரண்ட வேண்டும். தூளை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அவ்வறையில் குழந்தைகளை விடலாகாது. கல்நார் தகடுகளையும் உடைக்கவோ அறுக்கவோ கூடாது.

கடனும் கணக்கும்

வீட்டுச் சீரமைப்புக் கடனை ஒரே தவணையில் வழங்குவது அரிது. பொறியாளர் தரும் மதிப்பீட்டின்படி, வேலை நடந்தேறும் அளவைப் பார்த்துப் படிப்படியாக வழங்கப்படும். இங்குதான் தாங்களே வேலை செய்யும் தம்பதியர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர்களது உழைப்புக்கு ரசீது கிடையாது. வாங்கிய பொருளுக்கும் கொடுத்த கூலிக்குமே ஆதாரம் காட்ட இயலும். ஆகவே தங்கள் உழைப்பால் மிச்சமாகும் தொகையை மதிப்பீட்டிலிருந்து முன்னரே கழித்துவிட்டு, தேவையான அளவுக்கே கடன் கேட்பது நல்லது. பழைய வீட்டில் பூச்சைப் பெயர்த்த பின்னரே உள்ளிருக்கும் பழுது தெரியவரும் என்பதால், மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக ஒதுக்கிவைக்குமாறு நாங்கள் பரிந்துரைப்போம்.

தவணைக்காலத்தைத் தேர்வதிலும் நிதானம் வேண்டும். ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி என்று ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். 5 இலட்சம் ரூபாயை 5 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தினால் மாதத் தவணை சுமார் 10,379 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 1,22,750 ரூபாய். அதையே 10 ஆண்டுகளாக நீட்டித்தால் தவணை சுமார் 6,334 ரூபாயாகக் குறையும். வட்டியோ ஏறத்தாழ 2,60,050 ரூபாயாக உயரும். தவணையின் சுமை குறைவதற்கு நாம் தரும் விலை இது. ஓய்வூதியத்தை நம்பியிருப்போர் நீண்ட காலத்தையும், இருவரும் பணியில் உள்ளோர் குறுகிய காலத்தையும் தேர்தல் பொருத்தமாக அமையலாம்.

வருமான வரியைப் பொறுத்தவரை, தாமே குடியிருக்கும் வீட்டின் கட்டுமானக் கடனுக்கான வட்டிக் கழிவு ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் வரை என்பது பலர் அறிந்தது. பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும் பெற்ற கடனுக்கு அந்த உச்சவரம்பு 30,000 ரூபாய் மட்டுமே. அதுவும் பழைய வரி முறையைத் தேர்ந்தோர்க்கே உரியது. இதை அறியாமல் பெருந்தொகைக் கழிவை எதிர்பார்ப்போர் உளர். விதிகள் மாறுதலுக்கு உரியவையாதலால், அவ்வவ்வாண்டு நிலவரத்தைப் பட்டயக் கணக்கரிடம் உறுதிசெய்துகொள்க.

ரசீதுகளுக்கு மற்றொரு பயனும் உண்டு. பின்னாளில் வீட்டை விற்க நேர்ந்தால், மூலதனத் தன்மையுள்ள மேம்பாட்டுச் செலவை ஆதாய வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 2001 ஏப்ரல் 1க்கு முன் குடும்பத்துக்கு வந்த வீடாயின், அந்நாளின் சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ளவும் வழி உண்டு. இருபது ஆண்டுகள் கழித்து ஒருவரிடம் கேட்கப்படும் கேள்வி, “ஆதாரம் எங்கே?” என்பதாகவே இருக்கும். நாம் குறிப்பிட்ட ஆசிரியை அம்மையார் ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் நாள்தோறும் மூன்று பத்திகள் எழுதிவந்தார்: வாங்கிய பொருள், கொடுத்த கூலி, தாங்கள் உழைத்த மணி. ரசீதுகளை அந்தந்தப் பக்கத்திலேயே ஒட்டிவைத்தார். கடனின் அடுத்த கட்டத்தைக் கேட்டு அவர்கள் வந்தபோது, ஆய்வுக்குச் சென்ற எங்கள் அலுவலர்க்கு அக்குறிப்பேடே வழிகாட்டியாயிற்று.

காப்பீடு

வேலை நடக்கும் காலத்தில் வீடும் அதில் உழைப்போரும் வழக்கத்தைவிட மிகுந்த இடருக்கு உட்படுகின்றனர். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான வீட்டுக் காப்பீட்டுத் திட்டம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தீ, நிலநடுக்கம், வெள்ளம் முதலியவற்றால் நேரும் இழப்பை அது ஈடுசெய்கின்றது. காப்பீட்டுத் தொகை மீண்டும் கட்டுவதற்கான செலவைக் கொண்டு கணக்கிடப்படும். மனையின் விலை அதில் சேராது. காலப்போக்கில் நேரும் தேய்மானத்துக்கும் பராமரிப்புக் குறைவுக்கும் இழப்பீடு கிடையாது. பெரிய வேலை தொடங்குமுன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் நலம்.

ஏணியில் ஏறுவோர்க்கு இன்னொன்றையும் நினைவூட்டுகின்றோம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள வங்கிக் கணக்காளர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் சந்தாவில் சேரலாம். விபத்தால் மரணம் நேர்ந்தால் 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். தம்பதியர் இருவரும் சேர்வதோடு, தங்கள் வீட்டில் பணி செய்யும் சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் இதை எடுத்துச் சொல்லலாம். அவர்களுள் பலருக்கு வங்கிக் கணக்கு இருக்கும், இத்திட்டத்தில் சேர்ந்திருக்கமாட்டார்கள்.

எதை எதிர்பார்க்கலாம்?

பழைய வீட்டைத் தாங்களே புதுப்பிப்பது எல்லோர்க்கும் ஏற்ற வழி என்று நாங்கள் சொல்லவில்லை. அடித்தளம் அமிழ்ந்து சுவர் சாய்ந்துவிட்ட வீட்டைப் பொறியாளர் கைவிடச் சொன்னால், அக்கருத்தை ஏற்பதே அறிவுடைமை. பற்றின் பொருட்டு உயிரைப் பணயம் வைத்தல் தகாது. அந்நிலையிலும் தேக்குத் தூணும் கதவும் ஓடும் வீணாக வேண்டியதில்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பியிருப்பதைக் காணலாம். பழைய உறுப்புகளுக்கு மறுவாழ்வு உண்டு என்பதை அது காட்டுகின்றது.

உறுதியாக நிற்கும் வீடாயின் கணக்கு வேறு. நாம் கண்ட தம்பதியருக்கு அவ்வேலை மூன்று கோடைகள் பிடித்தது. முதற் கோடையில் கூரை. இரண்டாவதில் சுவரும் மின்கம்பியும். மூன்றாவதில் தரையும் மரமும். ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால் ஆறு மாதங்களில் முடிந்திருக்கும். ஆனால் பெரிய கடன் வேண்டியிருக்கும். அவர்கள் வாங்கியதோ தங்கள் ஓய்வூதியமும் சம்பளமும் தாங்கக்கூடிய சிறு கடன். பின்கட்டுச் சுவரில் ஓரிடத்தில் ஈரம் இன்னும் முற்றும் நீங்கவில்லை என்றும், அடுத்த மழையைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே பூச வேண்டும் என்றும் அவர்கள் தெரிவித்தனர். இளைய சகோதரி அண்மையில் வந்து சில நாள் தங்கிச் சென்றதையும் மகிழ்வோடு குறிப்பிட்டனர்.

இத்தகைய முயற்சியில் இறங்க எண்ணும் வாடிக்கையாளர்கள் கொத்தனாரைத் தேடுமுன் மூன்று காரியங்களைச் செய்துகொள்ள வேண்டுகின்றோம். மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து, உரிமை எவரெவர்க்கு உண்டு என்று பாருங்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். இயன்றால் ஒரு மழைக்காலம் முழுதும் எங்கெங்கே நீர் இறங்குகின்றது என்று குறித்துவையுங்கள். இம்மூன்றும் கையில் இருந்தால், கடன் விண்ணப்பத்தில் எழுத வேண்டியவற்றுள் பெரும்பகுதி எழுதியாயிற்று.